பூட்டு ஊரில் ஒரு பொதுப் பட்டறை!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னைப் பார்த்ததும் கேட்கும் முதல் கேள்வி, "சார், அடுத்து என்ன கோர்ஸ் சேரலாம்?" என்பதுதான். திண்டுக்கல்லில் தெரிந்தவர் வீடுகளில் கம்ப்யூட்டர் மக்கர் செய்தால் என்னைக் கூப்பிடுவார்கள். இது எனக்குத் தொழில் இல்லை, பழக்கம். அதனால் இந்தக் கேள்வியை அடிக்கடி கேட்க வேண்டியிருக்கிறது.

என் பதில் பலருக்குப் பிடிப்பதில்லை. "கோர்ஸ் அப்புறம் பார்க்கலாம். முதலில் ஏதாவது ஒரு பொருளைச் செய்யுங்கள்" என்பேன். "கம்ப்யூட்டரில் பொருளா? என்ன சார் விளையாடுறீங்க?" என்று சிரிப்பார்கள்.

நானும் கோர்ஸ் படித்தவன்தான். 2003-ல் முதல் கம்ப்யூட்டர் வாங்கிய கையோடு ஒரு பயிற்சி மையத்தில் பணம் கட்டிச் சேர்ந்தேன். ஆறு மாதம் படித்தேன். எந்த மெனுவில் எந்தக் கட்டளை இருக்கிறது என்று தேர்வு வைத்தார்கள். மனப்பாடம் செய்து எழுதினேன். சான்றிதழ் இன்னும் பீரோவில் இருக்கிறது. ஆனால் அந்த ஆறு மாதத்தில் நான் செய்து முடித்த பொருள் ஒன்றுகூடக் கிடையாது. அந்த மெனுக்கள் எல்லாம் மறந்தும் போய்விட்டன.

சரி, விஷயத்திற்கு வருவோம்.

பாட்டியின் டிரங்குப் பெட்டி

சில ஆண்டுகளுக்கு முன் பாட்டியின் டிரங்குப் பெட்டியைத் திறக்க வேண்டியிருந்தது. அதில் பழைய திண்டுக்கல் பூட்டு ஒன்று தொங்கியது. சாவி இல்லை. உடைக்க மனம் வராமல், நாகல் நகர் பக்கம் வீட்டிலேயே பட்டறை வைத்திருக்கும் ஒரு பெரியவரிடம் பெட்டியோடு போனேன்.

அவர் ஒரு வெற்றுச் சாவியை எடுத்தார். பூட்டில் விட்டு மெதுவாகத் திருப்பினார். வெளியே எடுத்து, சாவியில் பட்ட தடத்தைப் பார்த்தார். அரத்தால் இரண்டு இழுப்பு இழுத்தார். மறுபடி விட்டுத் திருப்பினார். இப்படியே பல முறை. அளவுகோலைத் தொடவே இல்லை. கடைசியில் 'க்ளக்' என்று பூட்டு திறந்தது.

"ஐயா, இதுக்கெல்லாம் படம் போட்டு வச்சிருக்கீங்களா?" என்று கேட்டேன்.

"படம் ஏது தம்பி? கைக்குத்தான் தெரியும்" என்றார். பிள்ளைகள் யாராவது இந்தத் தொழிலுக்கு வந்திருக்கிறார்களா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினார்.

வீட்டிற்கு வந்து கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தேன். உள்ளே பல கோடி பைல்கள் வைக்க இடம் இருக்கிறது. அந்தப் பெரியவரின் கையில் இருப்பதற்கு ஒரு பைல்கூட இல்லை. அது எனக்கு உறுத்தலாக இருந்தது.

திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. நம் ஊரே கொண்டாடியது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். புவிசார் குறியீடு பூட்டின் பெயரைப் பாதுகாக்கும். வேறு ஊரில் செய்த பூட்டைத் 'திண்டுக்கல் பூட்டு' என்று விற்க முடியாது. பூட்டைச் செய்யும் கையை அது பாதுகாக்காது. அலிகாரிலிருந்து மெஷினில் செய்த பூட்டுகள் மலிவாக வந்து இறங்கும்போது, அரத்தோடு நாள் முழுக்க உட்காரும் வேலைக்கு எந்த இளைஞன் வருவான்?

பபல் கிராமத்தில் நடந்தது

இதைப்பற்றி நண்பர்களிடம் பேசியபோதுதான் 'மேக்கர்ஸ்பேஸ்' என்ற சொல் வந்தது. பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பொதுப் பட்டறை, அவ்வளவுதான். தனி ஒருவரால் வாங்க முடியாத கருவிகளைப் பலர் சேர்ந்து ஓரிடத்தில் வைத்துக்கொள்வது. தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லித் தருவது. நூலகத்தில் புத்தகம் இருப்பது போல இங்கே கருவிகள் இருக்கும்.

இது வெளிநாட்டு ஆடம்பரம் என்று நினைக்கிறீர்களா? அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகப் பேராசிரியர் நீல் கெர்ஷன்ஃபெல்ட் 'ஃபேப் லேப்' என்ற பெயரில் இத்தகைய பட்டறைகளைப் பரப்பத் தொடங்கினார். எம்.ஐ.டி.க்கு வெளியே முதல் ஃபேப் லேப் எங்கே வந்தது தெரியுமா? 2002-ல், மகாராஷ்டிராவில் புனே அருகே பபல் என்ற வறட்சிக் கிராமத்தில்!

அங்கே ஏற்கெனவே 'விஞ்ஞான் ஆசிரமம்' நடந்து வந்தது. அதை 1983-ல் தொடங்கியவர் டாக்டர் எஸ்.எஸ். கல்பாக் என்ற விஞ்ஞானி. நல்ல வேலையை விட்டுவிட்டுக் கிராமத்திற்கு வந்தவர். பள்ளியை விட்டு நின்றுபோன பிள்ளைகளுக்கு வெல்டிங், மின்வேலை, விவசாயம் எல்லாம் வேலை செய்தபடியே கற்றுக்கொடுத்தார். பயிற்சிக்காகச் செய்து தூக்கிப்போடும் பொருள் அங்கே கிடையாது. ஊருக்குத் தேவையானதைச் செய்ய வேண்டும், அதிலேயே பாடம் படிக்க வேண்டும். ஃபேப் லேப் வந்த பிறகும் இதே வழிதான். பாலின் தரத்தைச் சோதிக்கும் கருவி, டீசல் என்ஜினைச் சரியாக ஓடவைக்கும் கருவி என்று கிராமத்தின் பிரச்சனைகளையே எடுத்துக்கொண்டார்கள்.

அங்கே மெஷின்கள் வந்தது 2002-ல். கற்றுக்கொடுக்கும் வழக்கம் வந்தது 1983-ல். இடையில் 19 ஆண்டுகள். வழக்கம் முதலில், மெஷின் அப்புறம். அதனால்தான் அந்த லேப் வேரூன்றியது என்பது என் கருத்து.

நமக்கும் இது புதிதல்ல. திண்டுக்கல்லிலிருந்து மதுரை போகும் வழியில் சின்னாளப்பட்டி அருகே காந்திகிராமம் இருக்கிறது. 1947-ல் டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் தொடங்கியது. கையால் வேலை செய்து அதன் வழியே படிப்பது என்ற காந்தியின் ஆதாரக் கல்வி இங்கே பழகிய விஷயம்.

மெஷின் இருக்கிறது, மேசை இல்லை

"எல்லாம் சரி, லட்சக் கணக்கில் மெஷின் வாங்க யார் பணம் தருவார்?" என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊரைச் சுற்றி வந்தபோது எண்ணம் மாறியது.

பெயர்ப் பலகை செய்யும் கடையில் அக்ரிலிக் வெட்டும் லேசர் மெஷின் இருக்கிறது. மரக்கதவில் பூ வேலை செதுக்கும் பட்டறையில் கம்ப்யூட்டர் சொன்னபடி ஓடும் சி.என்.சி. மெஷின் இருக்கிறது. லேத் பட்டறைகளுக்குக் குறைவில்லை. சாதாரண ரக 3டி பிரிண்டர் 20, 30 ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது. ஆர்டுயினோ போன்ற சிறு கன்ட்ரோலர் போர்டுகள் சில நூறு ரூபாய்தான். அரம் பிடித்த கைகளோ வேறு எந்த ஊரிலும் இல்லாத அளவுக்கு இங்கே இருக்கின்றன.

எல்லாம் இருக்கிறது. ஆனால் தனித்தனியாக இருக்கிறது. லேசர் கடைக்காரருக்குப் பூட்டுக்காரரைத் தெரியாது. பூட்டுக்காரருக்குக் கம்ப்யூட்டரில் வரைபவரைத் தெரியாது. நம் ஊரில் இல்லாதது மெஷின் அல்ல, இவர்கள் கூடி உட்கார ஒரு மேசை. நான் சொல்ல வந்ததே இதுதான்.

உங்கள் கம்ப்யூட்டர் பாதிப் பட்டறை

இந்த மேசைக்கு நீங்கள் என்ன கொண்டு வர முடியும்? உங்கள் புதிய கம்ப்யூட்டர்! பொதுப் பட்டறை வேலையில் பாதி, வீட்டில் கம்ப்யூட்டரிலேயே முடிந்துவிடும். அதற்கான சாஃப்ட்வேர்கள் பலவும் இலவசம்.

தட்டையான உருவங்களை வரைய 'இங்க்ஸ்கேப்' இருக்கிறது. லேசர் வெட்டுக்கு இது போதும். அளவு போட்டு முப்பரிமாணப் பொருளை வரைய 'ஃப்ரீகேட்' இருக்கிறது. எலக்ட்ரானிக் சர்க்யூட் வரைய 'கைகேட்' உண்டு. இவை மூன்றும் கட்டற்ற மென்பொருள்கள். அவற்றின் தளங்களிலிருந்தே டவுன்லோடு செய்யுங்கள். வேறு தளங்களில் கிடைக்கும் 'கிராக்' பைல்கள் பக்கம் போகாதீர்கள், வைரஸ் கூடவே வரும். பள்ளிப் பிள்ளைகள் தொடங்குவதற்கு, பிரவுசரிலேயே இயங்கும் 'டிங்கர்கேட்' எளிது.

காகிதத்தில் பிரிண்ட் எடுப்பது போலத்தான் இதுவும். நீங்கள் வரைந்த பைலை மெஷினுக்குப் புரியும் வகையில் சேமித்து, பென் டிரைவில் எடுத்துச் சென்றால் போதும். லேசருக்குப் பெரும்பாலும் டி.எக்ஸ்.எஃப். வகை பைல். 3டி பிரிண்டருக்கு எஸ்.டி.எல். வகை. 3டி பிரிண்டர் பொருளை அடுக்கடுக்காக உருவாக்கும். அந்த அடுக்குகளைக் கணக்கிட்டுக் கொடுக்க 'ஸ்லைசர்' என்ற தனி சாஃப்ட்வேர் உண்டு, அதுவும் இலவசமே.

மூன்று தோல்வியும் ஒரு ஸ்பிரிங்கும்

நான் எடுத்துக்கொண்ட முதல் வேலை, லீவர் பூட்டு எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் அக்ரிலிக் மாதிரி. நான்கு மடங்கு பெரிதாக.

பூட்டுக்குள் சில தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். இவைதான் லீவர்கள். ஒவ்வொன்றிலும் ஒரு சிறு வழி வெட்டப்பட்டிருக்கும். பூட்டின் நாக்கில் ஒரு முளை உண்டு. சாவி திரும்பும்போது எல்லா லீவர்களும் சரியான உயரத்திற்கு எழும்பினால்தான் வழிகள் ஒரே நேர்க்கோட்டில் வரும், முளை உள்ளே நுழையும், பூட்டு திறக்கும். ஒரு லீவர் சற்றுக் குறைவாக எழும்பினாலும் திறக்காது, கூடுதலாக எழும்பினாலும் திறக்காது.

புரிந்துவிட்டது என்று நினைத்து இங்க்ஸ்கேப்பில் வரைந்தேன். முதல் முறை, லேசர் கடைக் கம்ப்யூட்டரில் என் பைல் வேறு அளவில் திறந்தது. நான் மில்லிமீட்டரில் வரைந்தேன், அவர் சாஃப்ட்வேர் அதை வேறு கணக்கில் எடுத்துக்கொண்டது. பார்க்காமலே வெட்டிவிட்டோம், ஒரு ஷீட் வீண். அன்றிலிருந்து படத்தின் ஓரத்தில் 50 மில்லிமீட்டர் சதுரம் ஒன்றை வரைந்துவிடுகிறேன். வெட்டும் முன் அந்தச் சதுரம் அவர் திரையிலும் 50 காட்டுகிறதா என்று பார்த்தால் போதும்.

இரண்டாம் முறை அளவு சரியாக வந்தது. ஆனால் எல்லாம் லொடலொடவென்று ஆடியது. லேசர் கதிருக்கும் ஒரு தடிமன் உண்டு. அது போகும் வழியில் அந்த அளவு அக்ரிலிக் எரிந்து போய்விடும். துளை நாம் வரைந்ததைவிடச் சற்றுப் பெரிதாகும், துண்டு சற்றுச் சிறிதாகும். அதைக் கணக்கில் எடுத்து மறுபடி வரைந்தேன்.

மூன்றாம் முறை எல்லாம் பொருந்தியது. சாவி திரும்பியது. பெருமையோடு அதே பெரியவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கையில் வாங்கினார், தலைகீழாகக் கவிழ்த்துப் பிடித்தார். லீவர்கள் இஷ்டத்திற்குச் சரிந்தன.

"ஸ்பிரிங் எங்க தம்பி?"

லீவர்கள் தம் எடையிலேயே கீழே இறங்கிவிடும் என்று நினைத்து ஸ்பிரிங் வைக்கவில்லை என்றேன்.

"பூட்டு எப்பவும் நிமிர்ந்தேதான் தொங்குமா?" என்றார்.

இந்த ஒரு கேள்விக்கு என் கம்ப்யூட்டரில் இடம் இல்லை. திரையில் எல்லாம் நிமிர்ந்தே இருந்தது. அதே சமயம், என் படத்தைப் பார்த்த பெரியவர், "உள்ள நடக்கிறத இப்படி வெளிச்சமா நானே பார்த்ததில்ல" என்று அதை வெகு நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரே மேசையில் உட்கார்ந்தால் இரண்டு பேருக்கும் லாபம் என்பது அன்றுதான் விளங்கியது.

வேலையைப் பங்கிடுவது எப்படி?

அதற்கு முன்பே நாங்கள் கூட்டாக ஒரு வேலையில் இறங்கி மண்ணைக் கவ்வியதையும் சொல்ல வேண்டும். தண்ணீர்த் தொட்டி நிரம்பினால் ஒலி எழுப்பும் ஆர்டுயினோ கருவி. வாட்ஸ்அப் குழுவில் 23 பேர் சேர்ந்தார்கள். நான்கு பேர் ஒரே சென்சாரைத் தனித்தனியாக வாங்கினார்கள். வயர் இணைக்க ஒருவரும் வரவில்லை. இரண்டு மாதத்தில் குழுவில் 'காலை வணக்கம்' படங்கள் மட்டும் மிஞ்சின.

பூட்டு மாதிரியைத் தொடங்கியபோது நாங்கள் நான்கே பேர். ஓய்வு பெற்ற பாலிடெக்னிக் ஆசிரியர் ஒருவர், லேசர் கடைக்காரர், 11-ஆம் வகுப்பு மாணவி ஒருத்தி, நான். கடை விடுமுறையான ஞாயிறு காலை 10 மணி முதல் 1 மணி வரை அங்கேயே கூடினோம். அந்த அனுபவத்தில் கண்டவை இவை.

1. வேலை சிறிதாக இருக்கட்டும். நான்கு ஞாயிறுக்குள் முடியாததை முதலில் எடுக்காதீர்கள்.

2. ஒரு வேலைக்கு ஒருவர் பொறுப்பு. எல்லோரும் பொறுப்பு என்றால் யாரும் பொறுப்பில்லை. எங்கள் நான்கு பேரில் பொறுப்பாளர் அந்த மாணவிதான். தேதி குறித்து எங்களை விரட்டியது அவள்தான்.

3. ஒரு நோட்டுப் புத்தகம் வேண்டும். என்ன அளவு வைத்தோம், எது தப்பியது, ஏன் மாற்றினோம் என்று தமிழிலேயே எழுதுங்கள். தோற்றுப்போன துண்டுகளையும் தூக்கிப் போடாதீர்கள். அடுத்து வருபவருக்கு அவைதான் பாடம்.

4. பைல் பெயரில் தேதி போடுங்கள். 'புதியது', 'மிகப் புதியது', 'கடைசி' என்று வைத்தால் உங்களுக்கே எது எதுவென்று தெரியாது.

5. மெஷினைத் தொடும் முன் பயிற்சி. லேசர் ஓடும்போது அதை விட்டு நகரக் கூடாது, தீப்பிடிக்கலாம். பி.வி.சி. ஷீட்டை லேசரில் வெட்டவே கூடாது. அதிலிருந்து வரும் வாயு நுரையீரலுக்குக் கேடு, மெஷினையும் அரித்துவிடும். எலக்ட்ரானிக் வேலையில் 5 வோல்ட், 12 வோல்ட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 230 வோல்ட் மோட்டார் பக்கம் எலக்ட்ரீஷியன்தான் போக வேண்டும்.

6. போகும்போது மேசையைத் துடைத்துவிட்டுப் போங்கள். சண்டைகள் பாதி இங்கேதான் தொடங்கும்!

உலகெங்கும் உள்ள ஃபேப் லேப்கள் ஏற்றுக்கொண்ட பொது விதிகளிலும் இவற்றில் பல இருக்கின்றன. பாதுகாப்பு, சுத்தம், கருவிகளைப் பராமரிப்பது, கற்றதை எழுதி வைத்து மற்றவருக்குச் சொல்லித் தருவது ஆகியவை உறுப்பினரின் கடமை என்கின்றன அவை.

ரகசியம் யாருடையது?

இங்கே ஒரு நியாயமான எதிர்ப்பு வரும். "பூட்டுக்காரர் தன் தொழில் ரகசியத்தை ஏன் உங்களுக்குத் தர வேண்டும்? இன்று நீங்கள் படம் போடுவீர்கள், நாளை வேறு ஊர்க்காரன் அதை மெஷினில் ஆயிரம் ஆயிரமாய் அடித்துத் தள்ளுவான்."

இதை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். அந்த ரகசியம்தான் அவர் சோறு. எனவே சில விஷயங்களில் உறுதியாக இருக்க வேண்டும். சொல்லிக்கொடுக்க வரும் தொழிலாளிக்கு அன்றைய கூலியைக் கொடுத்துவிட வேண்டும். சால்வை போர்த்தி அனுப்புவது கூலி ஆகாது. அவர் வடிவமைப்பை வரைந்தால் அந்த பைல் அவருடையது. அவர் அனுமதி இல்லாமல் யாருக்கும் அனுப்பக் கூடாது. பொதுவான இயக்கத்தை எல்லோருக்கும் காட்டலாம், விற்கும் பூட்டின் அளவுகளை இன்டர்நெட்டில் ஏற்றக் கூடாது. நான் சொன்ன ஃபேப் லேப் விதிகளும், கண்டுபிடித்தவர் விரும்பினால் வடிவமைப்பைப் பாதுகாத்து விற்கலாம் என்றே இடம் தருகின்றன.

ரகசியத்தை வாரிசு இல்லாமல் வைத்திருப்பதும் இழப்புதான். அதைத் தருவதா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டியவர் அவர்தான். அந்த முடிவை எடுக்க அவருக்கு ஒரு மரியாதையான இடம் அமைத்துக் கொடுப்பதுதான் நம் வேலை.

பூட்டிய அறைகளைத் திறக்கலாமே!

இடம் எங்கே? புதிய கட்டடம் தேவையில்லை. மத்திய அரசின் அடல் புத்தாக்கத் திட்டம் 2016-ல் தொடங்கியது. அதன்கீழ் நாடு முழுவதும் சுமார் 10,000 பள்ளிகளில் 'அடல் டிங்கரிங் லேப்' அமைக்கப்பட்டன. 6 முதல் 12-ஆம் வகுப்பு மாணவர்களுக்கானவை. 3டி பிரிண்டர், எலக்ட்ரானிக் பாகங்கள் எல்லாம் அங்கே உண்டு. மேலும் 50,000 லேப்கள் அரசுப் பள்ளிகளில் ஐந்து ஆண்டுகளில் வரும் என்று 2025 பட்ஜெட்டில் அறிவித்தார்கள்.

நான் பார்த்த ஒரு பள்ளியில் 3டி பிரிண்டர் பிளாஸ்டிக் உறையோடு பத்திரமாக இருந்தது. பழுதானால் யார் பொறுப்பு என்ற பயம்! அந்தப் பயத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஊரில் நாலு பேர், "சனிக்கிழமை நாங்கள் வந்து சொல்லித் தருகிறோம், பழுதானால் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று எழுதிக் கொடுத்தால் எந்தத் தலைமையாசிரியரும் யோசிப்பார்.

சிறிய ஊர்களில் இது நடக்குமா என்று சந்தேகம் வேண்டாம். விழுப்புரத்தில் கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்கள் பல ஆண்டுகளாகக் கூடி, கிராமத்து மாணவர்களுக்கு இலவசமாகக் கம்ப்யூட்டர் சொல்லித் தருகிறார்கள். மென்பொருளுக்கு விழுப்புரத்தில் முடிந்தது, கைவேலைக்குத் திண்டுக்கல்லில் முடியாதா?

எனவே புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களே, இந்த மாதம் ஒன்றே ஒன்று செய்யுங்கள். இங்க்ஸ்கேப்பை டவுன்லோடு செய்யுங்கள். வீட்டில் உடைந்துபோன ஏதாவது ஒரு சிறு பொருளை, மிக்சி குமிழோ அலமாரிக் கைப்பிடியோ, ஸ்கேல் வைத்து அளந்து வரையுங்கள். பிறகு உங்கள் தெருவில் கையால் வேலை செய்யும் ஒருவரிடம் அந்தப் படத்தைக் காட்டுங்கள். அவர் உடனே ஒரு தவறைச் சுட்டிக் காட்டுவார். அதுதான் உங்கள் முதல் வகுப்பு.

எங்கள் பூட்டு மாதிரியில் இப்போது ஸ்பிரிங் இருக்கிறது. கவிழ்த்துப் பிடித்தாலும் வேலை செய்கிறது. அந்த ஸ்பிரிங்கை வளைத்துப் போட்டது பெரியவர்தான். எப்படி வளைத்தார் என்று கேட்டு, நோட்டில் எழுதி வைத்திருக்கிறாள் அந்த மாணவி.